பேர் வெச்சா மட்டும் மெட்டடோர் ஆயிடுமா?

"அண்ணா, கரண்டு வண்டி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அப்பா ஒத்துக்க மாட்டேங்கறார். நீ வந்து ஒரு வார்த்தை பேசு."

2025 ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல தம்பி இப்படி போன் பண்ணினான். எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. வண்டி விஷயத்துல அப்பாகிட்ட போய் நான் பேசறதா? எனக்கு ஸ்டெப்னி மாத்தவே தெரியாது. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வயித்தைக் கழுவற ஆளு நான். எங்க வீட்டுல டீசல் வாசனை தம்பிக்குத்தான் ஒட்டுச்சு. ஆனாலும் அண்ணன்னு மதிச்சு ஒருத்தன் கூப்பிடறப்போ போகாம இருக்க முடியுமா? பஸ் ஏறிட்டேன்.

எங்க ஊர் சென்னிமலைக்குப் பக்கம். பெட்ஷீட், போர்வைக்குப் பேர் போன ஊருன்னு உங்களுக்கே தெரியும். தம்பி ஒரு குட்டி யானை வெச்சிருக்கான். தறிக்காரங்க வீட்டுல பேல் ஏத்தி பெருந்துறை, ஈரோடுன்னு இறக்கறதுதான் பொழப்பு. 2012ல வாங்கின டீசல் வண்டி. அது இப்போ எஃப்.சி. காட்டப் போகும்போதெல்லாம் பத்து, பதினஞ்சாயிரம் முழுங்குது. அதான் புதுசு வாங்கற யோசனை.

வீட்டுக்குப் போய் சேர்ந்தா பஞ்சாயத்து ஏற்கெனவே ஆரம்பிச்சிருந்துச்சு. அப்பா திண்ணைல உக்காந்துட்டு தம்பியோட போன்ல இருந்த படத்தை தூரமா பிடிச்சுப் பார்த்துட்டு இருந்தார்.

"இதுக்குப் பேரு என்னடா?"

தம்பி சொன்னான். அப்பா ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்குல நிக்கலை.

"வாயிலயே நுழையலையே சாமி."

தம்பிக்குக் கடுப்பு. "ஏனுங்ப்பா, மெட்டடோர்னு பேர் வெச்சிருந்தா வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"

அப்பா போனைத் திருப்பிக் குடுத்துட்டு, "பேர் வெச்சா மட்டும் மெட்டடோர் ஆயிடுமா?"ன்னு கேட்டார். கேட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட எந்திரிச்சுப் போயிட்டார். அந்தக் கேள்வி என் மண்டைக்குள்ள இன்னும் சுத்திட்டு இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

மெட்டடோர்னா என்னன்னு தெரியாத சின்னப் பசங்களுக்காக இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். மத்தவங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க :-)

எண்பதுகள்ல நம்ம ஊர்ல வேன்னாலே மெட்டடோர்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வர்றதும் அதுலதான், எலெக்‌ஷனுக்கு மைக் கட்டறதும் அதுலதான். ஆம்புலன்ஸா, ஸ்கூல் வேனா, வாழைத்தார் லோடு வண்டியா எந்த வேஷம் போட்டாலும் பொருந்தும். எங்க ஊர்ல அது 'மெட்டாடர்'. பக்கத்து ஊர்ல 'மட்டடோர்'. எங்க பாட்டிக்கு 'மேட்டார்'.

எங்க அப்பா 1986ல ஒண்ணு செகண்ட் ஹேண்டா வாங்கினார். 38,000 ரூபாய். அம்மாவோட நகை மொத்தமும் அடகுக்குப் போச்சு. தாலிக்கொடி மட்டும்தான் கழுத்துல மிச்சம். அம்மா ஒரு வார்த்தை பேசலையாம். ஆனா மூணு வருஷம் எந்த விசேஷத்துக்கும் போகலை. வெறுங்கழுத்தோட போக மனசில்லை. இது எனக்கு ரொம்ப நாள் கழிச்சு சித்தி சொல்லித்தான் தெரியும்.

மூணே வருஷத்துல நகை வீட்டுக்கு வந்துடுச்சு. அது எப்படின்னா, வண்டி நின்ன நாள் ரொம்பக் கம்மி. கெட்டுப்போகாத வண்டின்னு அர்த்தம் இல்லைங்க. நாங்க ஏத்தின லோடுக்கு எந்த வண்டியா இருந்தாலும் படுத்திருக்கும். ஆனா எங்க படுத்தாலும் எழுப்பி விட ஒரு ஆள் இருந்தார். எங்க மெக்கானிக் மாமா மாதிரி ஊருக்கு ஒருத்தர்.

ஒரு தடவை பழனிக்குப் போனோம். வண்டிக்குள்ள 23 பேர் (பர்மிட் பத்தியெல்லாம் கேக்கப்படாது). தாராபுரம் தாண்டினதும் ரோட்டுல கிடந்த கல்லு தெறிச்சு ரேடியேட்டர்ல பட்டு ஒழுக ஆரம்பிச்சுடுச்சு. அப்பா இறங்கிப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "சமையல் சாமான்ல மஞ்சள் தூள் இருக்குமே, எடு"ன்னார். பொட்டலம் மொத்தத்தையும் ரேடியேட்டர்ல கொட்டி, தண்ணி ஊத்தி, அரை மணி நேரம் நிறுத்தி வெச்சார். மஞ்சள் போய் ஓட்டையை அடைச்சுக்கிச்சு. பழனி போய், முருகனைப் பார்த்து, வீடு வந்து சேர்ந்தோம். அன்னிக்கு சாம்பார்தான் வெள்ளையா இருந்துச்சு. டீசல் டேங்க் ஒழுகினா பார் சோப்பைத் தேச்சு அடைக்கறது, ஃபேன் பெல்ட் அறுந்தா அத்தையோட நைலான் புடவைக் கிழிசலைக் கட்டி ஓட்டறதுன்னு இந்த வைத்தியமெல்லாம் எந்த மேனுவல்லயும் இருக்காது.

2001ல வண்டியை எடைக்குப் போட்டோம். அப்பா அன்னிக்கு சாப்பிடலை.

இப்போ அந்தப் பேர் விஷயத்துக்கு வரேன். 'டெம்போ'ன்னு நாம சர்வ சாதாரணமா சொல்றோமே, அது இங்கிலீஷ்னுதான் நான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். அது ஒரு ஜெர்மன் கம்பெனி வண்டியோட பேர். ஹாம்பர்க் பக்கம் விடால் அண்ட் சோன்னு ஒரு கம்பெனி, 1920கள்ல மூணு சக்கர லோடு வண்டி செய்ய ஆரம்பிச்சுது. அதோட பிராண்டுதான் டெம்போ. அவங்க 1949ல கொண்டு வந்த நாலு சக்கர வண்டிக்கு மெட்டடோர்னு பேர் வெச்சாங்க. ஸ்பெயின்ல காளையை அடக்கறவனுக்குப் பேரு அது. ஜல்லிக்கட்டு ஊருக்கு அந்தப் பேர் வந்து சேர்ந்ததை நினைச்சா வேடிக்கையா இருக்கு.

1958ல புனேல பஜாஜ் டெம்போ கம்பெனி ஆரம்பிச்சு, முதல்ல மூணு சக்கர வண்டி, அப்புறம் 1969ல இருந்து மெட்டடோர்னு இங்கேயே செஞ்சாங்க. ஜெர்மனில அந்த டெம்போ பிராண்டு எழுபதுகள்லயே மறைஞ்சு போச்சு. புனே கம்பெனியும் 2005ல ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு பேரை மாத்திக்கிச்சு. ஆனா நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும், பின்னாடி திறந்த தொட்டி இருந்தா அது டெம்போதான். கம்பெனிக்காரன் விட்டுட்டுப் போன பேரை ஜனங்க எடுத்து வளர்த்துட்டு இருக்காங்க.

நிற்க. தம்பி சும்மா கோவத்துல சொன்னானே, 'மெட்டடோர்னு பேர் வெச்சிருந்தா'ன்னு, அதைத்தான் இப்போ உலகம் பூரா நிஜமாவே பண்ணிட்டு இருக்காங்க. பழைய வண்டி பேரை எடுத்து, தூசி தட்டி, பேட்டரி வண்டிமேல ஒட்டறாங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம இதையே தேடித்தேடிப் படிச்சேன்.

ஃபோக்ஸ்வாகன் வேன் தெரியும்ல? ரெண்டு கலர் பெயின்ட், முன்னாடி பெரிய வட்ட எம்ப்ளம். 1950ல வந்தது. ஜெர்மனில ரொட்டிக்காரரும் பிளம்பரும் ஓட்டின வண்டி. பின்னாடி அமெரிக்கால ஹிப்பிங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு அந்த வண்டி மேல காதல் வந்ததுக்கு முதல் காரணம் அழகு இல்லைங்க. செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைச்சது. காத்துல குளிர்ற எஞ்சின், ரேடியேட்டரே கிடையாது (மஞ்சள் தூளும் மிச்சம்). ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சா நடுரோட்டுல கழட்டி மாட்டலாம். பிரேசில்ல அந்த வேனை 2013 வரைக்கும் செஞ்சாங்க. ஏர்பேக், ஏபிஎஸ் கட்டாயம்னு சட்டம் வந்ததால அங்கே மூடினாங்க.

2022ல அதே முகச்சாயலோட ஐ.டி. பஸ்னு ஒரு மின்சார வேன் வந்துச்சு (நம்ம டவுன் பஸ் இல்லை, தேனீ ரீங்காரம் பண்ணுமே அந்த பஸ்). பார்க்க அவ்வளவு அம்சமா இருக்கும். 2024 கடைசில அமெரிக்காவுக்குப் போனப்போ ஆரம்ப விலை 59,995 டாலர். எந்த ஹிப்பி வாங்குவான் சொல்லுங்க? பழைய ஹிப்பிங்க இப்போ ரிட்டயர் ஆகி பென்ஷனோட இருந்தா வேணா வாங்கலாம்.

ஃபோர்டு கதை இன்னொரு மாதிரி. எஃப்-150ன்னு ஒரு லோடு வண்டி. அமெரிக்கக் கொத்தனார், தச்சர், விவசாயிக்கெல்லாம் அதான் குட்டி யானை (சைஸ்ல பெரிய யானை). 2021ல அதுல மின்சார வண்டியை அறிவிச்சாங்க. தொண்ணூறுகள்ல ஓடின ஒரு வேகமான பெட்ரோல் மாடலோட பேரை எடுத்து 'லைட்னிங்'னு வெச்சாங்க. விலை 39,974 டாலர்ல ஆரம்பம்னதும் ஊரே திரும்பிப் பார்த்துச்சு. அந்த விலைல அது நிக்கலை, மளமளன்னு ஏறுச்சு. 2025 டிசம்பர்ல அந்த முழு மின்சார மாடலையே நிறுத்தறோம்னு சொல்லிட்டாங்க.

கொஞ்சம் நியாயமா நடந்துக்கறது ரெனோன்னு எனக்குத் தோணுது. 1959ல இருந்து 1980 வரைக்கும் அவங்க செஞ்ச எஸ்டஃபெட்டுங்கற வேன், ஃபிரான்சுல போலீஸ்காரர்ல இருந்து கறிக்கடைக்காரர் வரைக்கும் ஓட்டினது. அந்தப் பேரை 2025ல மறுபடி எடுத்து ஒரு மின்சார டெலிவரி வேனுக்கு வெச்சிருக்காங்க. டிரைவர் சீட்டை விட்டு எந்திரிச்சு, குனியாம நடந்து பின்னாடி போய் பார்சல் எடுக்கலாம். வேலை செஞ்ச வண்டியோட பேரை வேலை செய்யற வண்டிக்கே வெச்சாங்க, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

இதுல பெரிய தமாஷ் என்னன்னா, பழைய வண்டியோட குணம் நிறைய இருக்கற வண்டிக்கு பழைய பேரே இல்லை. அமெரிக்கால ஸ்லேட்னு ஒரு புதுக் கம்பெனி, 2025 ஏப்ரல்ல ஒரு சின்ன மின்சார பிக்கப்பைக் காட்டினாங்க. பெயின்ட் கிடையாது. ரேடியோ கிடையாது. கண்ணாடியைக் கையால சுத்தித்தான் இறக்கணும். ரிப்பேரை ஓனரே பார்த்துக்கற மாதிரி பண்றோம்னு சொல்றாங்க. மானியத்தோட 20,000 டாலருக்குள்ளன்னு ஆரம்பிச்சாங்க. அந்த மானியம் 2025 செப்டம்பரோட முடிஞ்சு போனதால அது நடக்கலை. ஆனாலும் மேல சொன்ன ரெண்டு அமெரிக்க உதாரணத்தைவிட அப்பாவோட மெட்டடோருக்கு இதுதான் நெருங்கின சொந்தம்.

நம்ம ஊருக்கு வரலாம். சேத்தக் 2020ல மின்சார ஸ்கூட்டரா வந்தப்போ ஆரம்ப விலை ஒரு லட்சம். அந்தக் காலத்துல வாத்தியாரும் கிளார்க்கும் வருஷக்கணக்கா புக் பண்ணிக் காத்திருந்த வண்டி அது. நாலு வருஷம் கழிச்சு 2024லதான் ஒரு லட்சத்துக்குள்ள ஒரு மாடல் விட்டாங்க. 2024ல இ-லூனா வந்துச்சு, 69,990 ரூபாய். 150 கிலோ ஏத்தலாம்னே விளம்பரம். 1972ல வந்த லூனாவும் பைக் வாங்க முடியாதவங்க வண்டிதான். லூனா லாரியும் இல்லை வேனும் இல்லை, தெரியும். ஆனா பால் கேனும் காய் மூட்டையும் ஏத்திட்டுப் போறதை வேற என்னன்னு சொல்றது? நம்ம ஊர்ல பழைய பேர் ஒழுங்கா திரும்பி வந்ததுன்னா என் கணக்குல லூனாதான்.

அப்புறம் நம்ம குட்டி யானை. கம்பெனிக்காரங்க வெச்ச பேர் டாடா ஏஸ். 2005 மே மாசம் வந்தப்போ ரெண்டு சிலிண்டர், 702 சிசி டீசல், பதினாறு குதிரை சக்தி. ஏறக்குறைய ரெண்டேகால் லட்சம் ரூபாய். மூணு சக்கர ஆட்டோல லோடு அடிச்சுட்டு இருந்தவன் நாலு சக்கரத்துக்கு மாறலாம்னு கணக்குப் போட்டுச் செஞ்ச வண்டி. வடக்கே 'சோட்டா ஹாத்தி'ன்னாங்க, நம்ம பக்கம் குட்டி யானை ஆயிடுச்சு. ஜனங்களா வெச்ச பேர்.

2022ல அதுலயே மின்சார வண்டி வந்தப்போ விலை பத்து லட்சம் வாக்குல நின்னுச்சு. தம்பி அப்பவே பார்த்துட்டு பெருமூச்சு விட்டான். 2025 ஜூன்ல ஏஸ் ப்ரோன்னு சின்னதா ஒண்ணு வந்துச்சு. 750 கிலோ தாங்கும். பெட்ரோல் 3.99 லட்சம், மின்சாரம் 6.50 லட்சம். 14.4 யூனிட் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 155 கிலோமீட்டர்னு கம்பெனிக் கணக்கு. தம்பிக்கு ஆசை கிளம்பினது அப்போதான். இப்போ மூணு நாலு கம்பெனி இந்த சைஸ்ல வண்டி விடறாங்க. தம்பி எதை வாங்கினான்னு நான் சொல்லப் போறதில்லை.

மறுநாள் மூணு பேரும் ஷோரூம் போனோம். பையன் ரொம்ப மரியாதையா பேசினான். அப்பா நேரா வண்டிக்கு அடியில குனிஞ்சுட்டார். எழுபத்தாறு வயசு.

"எஞ்சின் எங்க தம்பி?"

"எஞ்சின் இல்லைங்க ஐயா. மோட்டார். அதோ அங்க."

"இந்த ஆரஞ்சு கலர் வயரு?"

"ஐயோ, அதுல கை வெக்கவே கூடாதுங்க. பெரிய பேட்டரி கரண்டு அதுலதான் போகுது. ஆளையே தூக்கிடும்."

"அப்ப எதுலதான் கை வெக்கலாம்?"

பையன் யோசிச்சான். "கண்ணாடி தொடைக்கலாமுங்க."

அப்பா சிரிச்சுட்டார். அவன் விளையாட்டுக்குச் சொல்லலை, பாவம். அப்புறம் ஒரு மூலைல சின்னதா ஒரு பேட்டரியைப் பார்த்துட்டு நின்னார். "இது நம்ம பழைய வண்டி பேட்டரி மாதிரியே இருக்குதே?"

"ஆமாங்க ஐயா, அது பன்னெண்டு வோல்ட்டு. ஹார்ன், லைட்டு, ஸ்க்ரீனுக்கு. அது உயிரோட இருந்தாத்தான் பெரிய பேட்டரியே முழிக்கும்."

"நடுவழில நின்னு போச்சுன்னா யார் பார்ப்பா?"

"கோயமுத்தூர்ல சர்வீஸ் இருக்குங்க."

"கோயமுத்தூருக்கு அது நடந்தா போகும்?"

"டோ பண்ணி எடுத்துட்டுப் போயிடுவோமுங்க."

"எத்தனை நாளாகும்?"

அதுக்குப் பதில் வரலை. அப்பாவும் திருப்பிக் கேக்கலை. வெளில வந்து டீ குடிக்கறப்போ தம்பிகிட்ட சொன்னார். "வண்டி நல்ல வண்டிதான்டா. நான் பழசுதான் வேணும்னு சொல்லலை. நின்னு போச்சுன்னா டியூ நிக்காது பாரு. அன்னிக்கு உங்கம்மா நகையை நான் வெச்சேன், ராத்திரியே ஆனாலும் மாமா எழுப்பி விட்டுடுவார்ங்கற தைரியத்துல வெச்சேன். நீ யார் தைரியத்துல வெக்கறே?"

எனக்கு வாயே எழலை. நேத்து ராத்திரி பூரா அமெரிக்கா, பிரேசில்னு படிச்சுட்டு நான் சுத்தி வந்த இடத்துக்கு அவர் ஒரே எட்டுல வந்து நின்னுட்டார். மெக்கானிக் மாமாவோட பட்டறை மூடி எட்டு வருஷமாச்சு. அவர் பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசர். அந்த இடத்துல இப்போ செல்போன் கடை.

தம்பி பக்கமும் நியாயம் இருக்கு. நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதியிருந்தான். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓட்டறான். டீசல் வண்டிக்கு நாலரை லிட்டர், நானூறு ரூபாய்க்கு மேல. கரண்டு வண்டிக்கு பன்னெண்டு யூனிட், யூனிட் எட்டு ரூபாய்னே வெச்சாலும் நூறு ரூபாய்க்குள்ள. நாளுக்கு முன்னூறு மிச்சம். மாசம் 25 நாள் ஓடினா ஏழாயிரத்து ஐநூறு. அவனுக்கு அது பொண்ணோட காலேஜ் ஃபீஸ். ஆயில் மாத்தறது, கிளட்ச் தேயறது, கியர் பாக்ஸ் எதுவும் கிடையாது. அப்பாவும் நோட்டை வாங்கி ரெண்டு தடவை பார்த்தார். கணக்குல தப்பு இல்லைன்னு ஒத்துக்கிட்டார்.

கடைசில ஒரு சமாதானம் ஆச்சு. ஈரோட்டுலயே சர்வீஸ் வெச்சிருக்கற வேற கம்பெனி வண்டியாப் பார்க்கறது. பழைய குட்டி யானையை ஒரு வருஷத்துக்கு விக்கக் கூடாது. செப்டம்பர்ல ஜிஎஸ்டி குறைஞ்சு பெட்ரோல் வண்டி விலை இறங்கினப்போ தம்பி ஒரு வாரம் தடுமாறினான். அப்புறம் மனசைத் தேத்திக்கிட்டு ஆயுத பூஜைக்கு கரண்டு வண்டியையே எடுத்துட்டு வந்துட்டான். தம்பி பொண்டாட்டியோட வளையல் நாலும் பேங்குக்குப் போச்சு. நான் ஒரு தொகை குடுத்தேன். எவ்வளவுன்னு தங்கமணிக்கு இதுவரைக்கும் தெரியாது, தயவுசெஞ்சு யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.

வண்டி ஓடுது. சத்தமே இல்லாம வருதுன்னு தறிக்காரங்க பயந்து போறாங்களாம். தெரு நாய் கூட எந்திரிக்க மாட்டேங்குதாம். தம்பி சிரிச்சுட்டே சொல்வான். அப்பா மட்டும் அதை 'அந்தக் கரண்டு வண்டி'ன்னுதான் சொல்வார். ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் வண்டி மாதிரி.

2026 பொங்கல் முடிஞ்சு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ஈரோடு ஜவுளிச் சந்தைக்கு லோடு. பெருந்துறைல டீ குடிக்க நிறுத்திட்டு வந்து பார்த்தா வண்டிக்கு உயிரே இல்லை. ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஆள் வரும்னு பதில். சந்தை விடிகாலைலயே சூடு பிடிச்சுடும். மத்தியானம் வந்து என்ன பண்ண? பழைய வண்டியை எடுத்துட்டு வரச் சொல்லி லோடு மாத்தலாம்னு வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கான். எடுத்தது அப்பா.

"ஹார்ன் அடிக்குதா?"

"இல்லீங்ப்பா."

"லைட்டு?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"அப்ப பெரிய பேட்டரி இல்லடா. அந்தச் சின்னது இருக்குதுல்ல, அதோட டெர்மினலை ஆட்டிப் பாரு. ஆரஞ்சு வயரு பக்கம் போயிடாதே."

ஆட்டிப் பார்த்தா கையோட வருது. குலுங்கிக் குலுங்கி லூசாகியிருந்துச்சு. பக்கத்து பஞ்சர் கடைல பத்தாம் நம்பர் ஸ்பேனர் வாங்கி முறுக்கினதும் ஸ்க்ரீன் எரிஞ்சுடுச்சு. பத்து நிமிஷ வேலை. தம்பி போன்லயே கத்தினானாம், "அப்பா, வந்துடுச்சு!" அப்பா அதுக்கு, "டீக்கடைக்காரங்க காசு குடுத்துட்டியா?"ன்னு கேட்டாராம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஏழு மணி இருக்கும், தம்பி இன்னும் வரலை. அப்பா திண்ணைல இருந்தபடியே அவனுக்குப் போன் போட்டார். நான் பக்கத்துல உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருந்தேன்.

"ஏஞ்சாமி, மெட்டடோர் எங்க நிக்குது?"

அந்தப் பக்கம் தம்பி ஒரு நொடி பேசலை. அப்புறம் பெருந்துறை தாண்டிட்டேன்னு ஏதோ சொன்னான். அப்பா சரின்னு வெச்சுட்டார். எழுபத்தாறு வயசு, வாய் தவறி வந்திருக்கலாம். நான் எதுவும் கேட்டுக்கலை. இன்னொரு முறுக்கு எடுத்துக்கிட்டேன்.